‘எதிர்கொண்டுபோக’ என்னும் சொல்லும் சபை எடுத்துக்கொள்ளப்படும் காலமும்

அஸ்தம்பட்டி ஆசிரியை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். சேலம் அஸ்தம்பட்டியில் 18 ஆண்டுகளாக ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகிறேன். இதுவரை இப்படிப்பட்ட விவாதம் எதையும் நான் தொடங்கியதில்லை. இப்போது தொடங்குவதற்குக் காரணம் ஒரு அடக்க ஆராதனை.

கடந்த மாதம் ஏற்காட்டில் என் பெரியப்பாவை அடக்கம் செய்தோம். அடுத்த வரிசைக் கல்லறைகூடக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கியிருந்த காலை அது. செய்தி கொடுக்க வந்த ஊழியர் 1 தெசலோனிக்கேயர் 4ஆம் அதிகாரத்தை வாசித்தார். அடக்கத்தில் அந்தப் பகுதியை வாசிப்பது வழக்கந்தான். ஆனால் அதன்பின் ஏறக்குறைய 40 நிமிடங்கள் அவர் மரித்தவரைப் பற்றியும் பேசவில்லை, உயிர்த்தெழுதலைப் பற்றியும் பேசவில்லை. கைவிடப்படப் போகிறவர்களைப் பற்றி மட்டுமே பேசினார். உலக முடிவில் வரும் ஏழாண்டு உபத்திரவ காலத்துக்கு முன்பே, விசுவாசிகளாகிய சபை ஆண்டவரைச் சந்திக்க ஆகாயத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்று நம்பாதவர்கள் வருகைக்கு ஆயத்தமில்லாதவர்கள் என்றும் சொன்னார். பெரியப்பா அப்படி நம்பியவரல்லர் என்பது அங்கே நின்ற பாதிப்பேருக்குத் தெரியும்.

என் தங்கை மகளுக்கு 9 வயது. அன்றிலிருந்து வீட்டில் ஆள் அரவம் இல்லையென்றால் அவள் நடுங்குகிறாள். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த தாயைக் காணாமல், அம்மா எடுத்துக்கொள்ளப்பட்டார், நான் மட்டும் கைவிடப்பட்டேன் என்று கதறிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்திருக்கிறாள். 2025 செப்டம்பரிலும் இதைப் போன்ற ஒன்றை என் வகுப்பில் கண்டேன். தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒருவர் 23, 24 தேதிகளை வருகையின் நாளாகக் குறித்துச் சொன்ன காணொளி வாட்ஸப்பில் பரவியபோது, காலாண்டுத் தேர்வுக்குப் படிப்பதால் என்ன பயன் என்று ஒரு மாணவன் புத்தகத்தை மூடிவிட்டான்.

என் அண்ணன் சூரமங்கலத்தில் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் மூப்பராக இருக்கிறார். அவர் முன்வருகையை, அதாவது உபத்திரவத்துக்கு முன்பே சபை எடுத்துக்கொள்ளப்படும் என்பதை, உறுதியாக நம்புகிறவர். என் பெரியப்பாவை உயிராக நேசித்தவரும் அவரே. ஆகவே ஒரு பக்கத்தைத் தாழ்த்துவதற்காக நான் கேட்கவில்லை. எடுத்துக்கொள்ளப்படுதல் உபத்திரவத்துக்கு முன்பா, நடுவிலா, பின்பா என்பதை வேதம் எவ்வளவு தெளிவாகச் சொல்லுகிறது, அந்தத் தெளிவின் அளவு ஒருவருடைய விசுவாசத்தை அளக்கும் கோலாக இருக்கத் தக்கதுதானா என்பதே என் கேள்வி.

சூரமங்கலம் மூப்பர்

தங்கைக்கும் அனைவருக்கும் கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துதல். மேலே எழுதியிருப்பவர் என் உடன்பிறந்தவர். பெரியப்பாவின் அடக்கத்தில் நானும் நின்றேன். அந்தச் செய்தி எனக்கும் வலித்தது. ஆயினும் ஒரு உபதேசம் மோசமாகப் பிரசங்கிக்கப்பட்டதால் அது பொய்யாகிவிடாது. நாங்கள் ஏன் இதை நம்புகிறோம் என்பதைப் பொறுமையாகச் சொல்ல அனுமதியுங்கள்.

முதலாவது, 1 தெசலோனிக்கேயர் 5:9. ‘தேவன் நம்மைக் கோபாக்கினைக்கென்று நியமிக்காமல்’ என்று பவுல் எழுதுகிறார். வெளிப்படுத்தின விசேஷம் வரிசையாகச் சொல்லும் முத்திரைகளும் எக்காளங்களும் கலசங்களும் தேவகோபத்தின் ஊற்றுதல் என்றால், கிறிஸ்துவின் மணவாட்டி அதன் நடுவில் நிற்க வேண்டியதில்லை. அடுத்து, வெளிப்படுத்தின விசேஷம் 3:10. பிலதெல்பியா சபைக்கு ஆண்டவர், ‘பூச்சக்கரத்தின்மேலெங்கும் வரப்போகிற சோதனைகாலத்திற்குத் தப்பும்படி நானும் உன்னைக் காப்பேன்’ என்று வாக்களிக்கிறார். சோதனைக்கு மட்டுமல்ல, சோதனை‘காலத்திற்கே’ தப்புவிக்கிறார் என்பதைக் கவனியுங்கள். 2, 3ஆம் அதிகாரங்களில் திரும்பத் திரும்ப வரும் ‘சபை’ என்ற சொல் 4ஆம் அதிகாரத்திலிருந்து 22:16 வரை பூமியின் காட்சிகளில் வரவேயில்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் எதிர்பார்ப்பின் இயல்பு. அந்திக்கிறிஸ்து வந்து, ஏழாண்டு உடன்படிக்கை செய்து, அதன் பாதியில் அதை முறித்து, அதன்பின் 42 மாதங்கள் கழிந்த பிறகுதான் ஆண்டவர் வருவார் என்றால், நான் இன்றைக்கு எதிர்பார்ப்பது ஆண்டவரையா, அந்திக்கிறிஸ்துவையா? ‘ஆனந்தபாக்கியம்’ என்று தீத்து 2:13 அழைப்பது இன்றிரவே நிகழக்கூடியதாக இருப்பதால்தான் நான் இன்றிரவே சகோதரனோடு ஒப்புரவாகிறேன். என் தகப்பனார் செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை தூக்கியவர். ஒவ்வொரு இரவும் படுக்கும் முன், ‘ஆண்டவரே, இன்றைக்கு வந்தாலும் சரி’ என்று ஜெபிப்பார். அந்த ஜெபத்தில் பயம் இருந்ததை நான் கண்டதில்லை.

ஏற்காடு தோட்டக்காரர்

மூப்பர் ஐயா எழுதிய கடைசி வரிகளை இரண்டு முறை வாசித்தேன். அவருடைய தகப்பனாரின் ஜெபத்தை நானும் ஜெபிக்க விரும்புகிறேன். ஆயினும் என் முடிவு வேறு. சபை உபத்திரவத்தின் வழியாகக் கடந்துபோய், அதன் முடிவில் வரும் ஆண்டவரைச் சந்திக்கும் என்றே வேதத்தை வாசித்துப் புரிந்துகொண்டிருக்கிறேன்.

நமது பழைய தமிழ் வேதாகமத்தில் ஒரு சொல் இருக்கிறது. அதை நாம் கவனிக்காமலே கடந்துவிடுகிறோம். 1 தெசலோனிக்கேயர் 4:17 ‘கர்த்தருக்கு எதிர்கொண்டுபோக’ என்கிறது. கிரேக்கத்தில் அந்த இடத்தில் உள்ள சொல் ‘அபாந்தேசிஸ்’. அதே சொல் மத்தேயு 25:6இல் வருகிறது: ‘மணவாளன் வருகிறார், அவருக்கு எதிர்கொண்டுபோகப் புறப்படுங்கள்.’ அப்போஸ்தலர் 28:15இலும் வருகிறது. பவுல் ரோமாபுரிக்கு வருகிற செய்தியைக் கேட்ட சகோதரர்கள் அப்பியுபுரம் வரைக்கும், மூன்றுசத்திரம் வரைக்கும் அவருக்கு ‘எதிர்கொண்டுவந்தார்கள்’. மூன்று இடங்களிலும் மொழிபெயர்த்தவர்கள் ஒரே வினையை இட்டிருக்கிறார்கள். ரோமாபுரிச் சகோதரர்கள் பவுலைச் சந்தித்தபின் அவரை வந்த வழியே திருப்பிக் கூட்டிச் செல்லவில்லை. தாங்கள் புறப்பட்ட ஊருக்கே அவரோடு திரும்பினார்கள். புத்தியுள்ள கன்னிகைகளும் மணவாளனோடு கலியாண வீட்டுக்குள் பிரவேசித்தார்கள்.

மலையில் வாழ்கிற எங்களுக்கு இதை விளக்க அகராதி தேவையில்லை. பேராயர் திடப்படுத்தல் ஆராதனைக்காக வருகிறார் என்றால், சபையார் கோயில் வாசலில் காத்திருப்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை. பெரியவர்கள் சிலர் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அடிவாரத்துக்கே போய், மாலையிட்டு, அவருடைய வண்டிக்கு முன்னும் பின்னுமாக மலையேறி வருகிறார்கள். எதிர்கொண்டு போகிறவர்கள் விருந்தினரோடு திரும்பி வருவார்கள் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஆகாயத்தில் எடுத்துக்கொள்ளப்படுகிறவர்கள், பூமிக்கு இறங்கி வருகிற ராஜாவை எதிர்கொண்டு அவரோடே இறங்குகிறார்கள் என்று நான் வாசிக்கிறேன். அப்படியானால் ஏழாண்டுகள் இடைவெளி விட்ட இரண்டு வருகைகளுக்கு அங்கே இடமில்லை.

வெளிப்படுத்தல் 3:10ஐப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ‘தப்பும்படி காப்பேன்’ என்பதன் கிரேக்கத் தொடர் ‘தேரேயோ எக்’. புதிய ஏற்பாட்டில் இந்தச் சேர்க்கை வேறொரு இடத்தில்தான் வருகிறது. அது யோவான் 17:15. அங்கே ஆண்டவர், ‘நீர் அவர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி நான் வேண்டிக்கொள்ளாமல், நீர் அவர்களைத் தீமையினின்று காக்கும்படி வேண்டிக்கொள்ளுகிறேன்’ என்கிறார். எடுத்துக்கொள்வதையும் காப்பதையும் அவரே எதிரெதிராக நிறுத்துகிறார். எகிப்தில் வாதைகள் இறங்கியபோது, இஸ்ரவேலர் காக்கப்பட்ட கோசேன் நாடு எகிப்துக்குள்ளேதான் இருந்தது.

சூரமங்கலம் மூப்பர்

அடிவாரத்து உதாரணம் என் மனத்தைத் தொட்டது, மறுக்கவில்லை. ஆனால் நம்முடைய பக்கத்தில் மாப்பிள்ளை அழைப்பு மட்டுமா இருக்கிறது? பெண் அழைப்பும் இருக்கிறதே. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் ஊருக்கு வந்து, அவளை அழைத்துக்கொண்டு தங்கள் ஊருக்குத் திரும்புகிறார்கள். யோவான் 14:3இல் ஆண்டவர் சொல்வது அதைத்தான்: ‘நான் இருக்கிற இடத்திலே நீங்களும் இருக்கும்படி, நான் மறுபடியும் வந்து உங்களை என்னிடத்தில் சேர்த்துக்கொள்ளுவேன்.’ ஸ்தலம் ஆயத்தமாவது பிதாவின் வீட்டில். ஆயத்தமான வீட்டுக்கு அழைத்துப் போகாமல், அவளோடு உடனே இங்கேயே திரும்பி இறங்கினால் அந்த ஆயத்தம் எதற்கு? தெசலோனிக்கேயர் பகுதியில் சந்திப்புக்குப் பிறகு மேலே போகிறார்களா கீழே வருகிறார்களா என்று பவுல் எழுதவில்லை என்பதையும் தோட்டக்கார அண்ணன் ஏற்றுக்கொள்வார் என்று நம்புகிறேன்.

யோவான் 17:15ஐப் பற்றிய குறிப்பை நான் இதுவரை எண்ணிப் பார்க்கவில்லை. எங்கள் வேதபாடத்தில் 3:10ஐத் தனியாகவே எடுத்துக் கற்பித்து வந்திருக்கிறேன். அதற்கு நான் உடனே பதில் சொல்லப் போவதில்லை. உட்கார்ந்து படிக்க வேண்டும்.

ஆத்தூர் வாசகர்

இடையில் ஒரு சிறு கருத்து. 1 கொரிந்தியர் 15:52 ‘கடைசி எக்காளம்’ என்கிறது. வெளிப்படுத்தல் 11:15இல் ஏழாம் எக்காளம் ஊதப்படுகிறது. ஆகவே ஏழாண்டின் நடுவில், கலசங்களின் கோபம் ஊற்றப்படுமுன் சபை எடுத்துக்கொள்ளப்படும் என்று நான் நெடுநாள் கருதிவந்தேன். சாத்தானும் மனிதரும் வருவிக்கும் உபத்திரவம் வேறு, தேவனுடைய கோபம் வேறு என்ற பகுப்பு எனக்கு இன்றும் சரியாகவே தோன்றுகிறது. 1 தெசலோனிக்கேயர் 5:9ஐ மறுக்காமல் மத்தேயு 24இன் உபத்திரவத்தையும் அது ஏற்றுக்கொள்கிறது. ஆனால் கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய காலத்தில் வெளிப்படுத்தின விசேஷம் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதையும், கொரிந்து சபையார் ‘கடைசி’ என்பதை ஏழாவது என்று எண்ணியிருக்க முடியாது என்பதையும் ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகு, எக்காள வாதத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

நான்கு ரோடு தமிழாசிரியர்

நான் கத்தோலிக்கன், ஓய்வுபெற்ற தமிழாசிரியன். இந்த விவாதம் எங்கள் வீட்டுக்குள் நடப்பதன்று என்றாலும், சகோதரியின் கேள்வி என்னை எழுத வைத்தது.

‘ராப்ச்சர்’ என்று இளைஞர்கள் சொல்லும் சொல்லே எங்கள் பழைய இலத்தீன் வேதாகமத்திலிருந்து வந்ததுதான். கிரேக்கத்தின் ‘ஹர்பாட்ஸோ’ என்ற வினையை அது ‘ராப்பியேமுர்’ என்று பெயர்த்தது. பிடித்தெடுக்கப்படுவோம் என்பது பொருள். சொல் பழையது. அதை மகா உபத்திரவத்துக்கு முந்திய ஒரு தனி நிகழ்ச்சியாகப் பிரித்து, முழுமையான ஓர் உபதேச அமைப்புக்குள் வைத்தது 19ஆம் நூற்றாண்டு. ஆங்கிலிக்கத் திருச்சபையிலிருந்து வெளியேறிய ஜான் நெல்சன் டார்பி (1800–1882), அயர்லாந்தில் 1830களின் தொடக்கத்தில் நடந்த பவர்ஸ்கோர்ட் மாநாடுகளின் வழியாகவும், பின்னர் தம் பயணங்களின் வழியாகவும் இதைப் பரப்பினார். 1909இல் வெளியான ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமம் அதைப் பக்கத்தின் அடியில், வசனத்துக்கு மிக அருகில் கொண்டுவந்து வைத்தது. வசனத்தையும் அடிக்குறிப்பையும் ஒரே பக்கத்தில் பல தலைமுறைகள் வாசித்தால் இரண்டும் ஒரே குரலாகக் கேட்கத் தொடங்கும் என்பது ஆசிரியத் தொழிலில் நான் கண்ட உண்மை. உரையாசிரியரின் கருத்தை மாணவர்கள் மூலத்தின் கருத்தாகவே எழுதிவைப்பார்கள்.

எங்கள் மறைக்கல்வி நூலின் 675ஆம் பத்தி, கிறிஸ்துவின் வருகைக்கு முன் திருச்சபை விசுவாசிகள் பலருடைய நம்பிக்கையை அசைக்கும் இறுதிச் சோதனை ஒன்றைக் கடந்தாக வேண்டும் என்று கற்பிக்கிறது. திருத்தூதர்களின் போதனை என்று அறியப்படும் தொடக்கத் திருச்சபை நூலான ‘திதாக்கே’யின் 16ஆம் அதிகாரத்திலும் அதே வரிசைதான்: முதலில் உலகை ஏய்ப்பவன் தோன்றுகிறான், பின்பு சோதனையின் நெருப்பு, பின்பு எக்காளமும் மரித்தோரின் எழுச்சியும். கிறிஸ்துவின் ஆயிர ஆண்டு ஆட்சியைத் திருச்சபையின் இக்காலமாகவே அகுஸ்தினார் விளக்கினார். ஆகவே வருகைக்குப் பின் ஓர் இடைக்காலத்தைக் கணக்கிடும் தேவை எங்களுக்கு எழுவதில்லை.

ஏற்காடு தோட்டக்காரர்

ஆசிரியர் ஐயா டார்பியைக் குறிப்பிட்டதால், நம் நாட்டோடு தொடர்புடைய ஒன்றைச் சேர்க்கிறேன். ‘சகோதரர்’ என்னும் கூட்டத்தில் டார்பியோடு தொடக்கத்தில் ஒரே அப்பத்தைப் பகிர்ந்தவர்களிலேயே எல்லாரும் முன்வருகையை ஏற்கவில்லை. பிளிமத் சபையின் பெஞ்சமின் வில்ஸ் நியூட்டன் அதைக் கடுமையாக எதிர்த்தார். பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்த ஜார்ஜ் முல்லரும், சில காரியங்கள் முந்தி நடந்தேற வேண்டும் என்றே கருதினார். முல்லருடைய மைத்துனர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியாவுக்கு வந்து பின்னர் சித்தூரில் ஊழியம் செய்தவர். திருநெல்வேலியின் ஊழியர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் அவரால் உருவாக்கப்பட்டவர். அந்தக் குரோவ்ஸ் 1836இல் டார்பிக்கு ஒரு கடிதம் எழுதினார். சகோதரரிடமுள்ள நன்மையை விட்டுப் பிரிவதைக் காட்டிலும் அவர்களிடமுள்ள குறைகளைச் சகித்துக்கொள்வதையே தாம் தேர்ந்துகொள்வதாக அதில் சொன்னார். 1848இல் அந்தச் சகோதரர் கூட்டம் இரண்டாக உடைந்தது. உடைந்ததற்கு வருகையின் காலம் மட்டுமே காரணமன்று. ஆனாலும் டார்பிக்கும் நியூட்டனுக்கும் இடையில் முதலில் விழுந்த விரிசல்களில் அதுவும் ஒன்று. இதை அஸ்தம்பட்டிச் சகோதரியின் இரண்டாம் கேள்விக்குச் சரித்திரத்திலிருந்து ஒரு பதிலாக வைக்கிறேன்.

மூப்பர் ஐயாவின் பெண் அழைப்பு நியாயமான மறுமொழி. ஒரு சொல்லின் வழக்கை மட்டும் வைத்துக் காலத்தை நிறுவ முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் கடைசியாகச் சார்ந்து நிற்பது 2 தெசலோனிக்கேயர் 2இல்தான். அங்கே முதல் வசனம் ‘வருகையையும், நாம் அவரிடத்திலே சேர்க்கப்படுவதையும்’ ஒரே மூச்சில் சொல்கிறது. மூன்றாம் வசனம், ‘விசுவாச துரோகம் முந்தி நேரிட்டு, கேட்டின் மகனாகிய பாவமனுஷன் வெளிப்பட்டாலொழிய, அந்த நாள் வராது’ என்கிறது. முந்தியே எடுத்துக்கொள்ளப்படுவோம் என்பது பவுலின் போதனையாக இருந்திருந்தால், கலங்கியிருந்த சபைக்கு, ‘நீங்கள் இன்னும் இங்கேதானே இருக்கிறீர்கள், ஆகவே அந்த நாள் வரவில்லை’ என்று ஒரே வரியில் எழுதியிருக்கலாம். அவர் அப்படி எழுதவில்லை.

சூரமங்கலம் மூப்பர்

நல்ல கேள்வி. அதற்கு எங்கள் பக்கத்தின் பதிலைச் சொல்கிறேன். அவர்கள் ஏன் கலங்கினார்கள்? உபத்திரவத்தின் வழியாகப் போய்த்தான் ஆண்டவரைச் சந்திப்போம் என்று போதிக்கப்பட்டிருந்தால், அந்த நாள் வந்துவிட்டது என்ற செய்தி அவர்களை மகிழ்வித்திருக்க வேண்டும். முடிவு அருகில் என்று களிகூர்ந்திருப்பார்கள். அவர்கள் கலங்கியதே, தாங்கள் தப்புவிக்கப்படுவோம் என்று எதிர்பார்த்திருந்ததைக் காட்டுகிறது. ஏழாம் வசனத்தின் ‘தடைசெய்கிறவன்’ நடுவிலிருந்து நீக்கப்படுவது, சபைக்குள் வாசமாயிருக்கிற ஆவியானவரின் விலகலைக் குறிக்கிறது என்று எங்களில் பலர் நம்புகிறோம். அந்த வசனம் அவரைப் பெயர் சொல்லவில்லை என்பதும் உண்மை.

உபதேசம் 19ஆம் நூற்றாண்டில் தெளிவாக்கப்பட்டதாலேயே தள்ளத் தக்கதன்று என்றும் தமிழாசிரியர் ஐயாவுக்குப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன். விசுவாசத்தினாலே நீதிமானாகுதலும் 16ஆம் நூற்றாண்டில்தான் மறுபடியும் உரக்கப் பேசப்பட்டது.

இப்போது என் கேள்வி. உபத்திரவத்தின் முடிவில் எல்லா விசுவாசிகளும் இமைப்பொழுதில் மறுரூபமாகி, துன்மார்க்கர் அழிக்கப்பட்டால், ஆயிரவருட அரசாட்சிக்குள் மாம்ச சரீரத்தோடு பிரவேசிக்கிறவர்கள் யார்? ஏசாயா 65:20 ‘நூறு வயதுசென்று மரிக்கிறவன்’ என்று பேசுகிறதே. மறுரூபமானவர்கள் மரிப்பதில்லை. எங்கள் வரிசையில் உபத்திரவ காலத்தில் இரட்சிக்கப்பட்டவர்கள் அந்த இடத்தை நிரப்புகிறார்கள். தோட்டக்கார அண்ணனின் வரிசையில் அந்த இடம் காலியாக இருக்கிறது.

ஏற்காடு தோட்டக்காரர்

என் நிலைப்பாட்டின் மேல் வைக்கப்படும் கேள்விகளில் இதுவே மிகப் பாரமானது. சகரியா 12:10இன்படி, தாங்கள் குத்தினவரை வருகையின்போது நோக்கிப்பார்த்து மனந்திரும்புகிற இஸ்ரவேலரும், சகரியா 14:16 குறிப்பிடுகிற, எருசலேமுக்கு விரோதமாக வந்து மீதியான ஜாதிகளும் அவர்கள் என்று நான் பதில் சொல்வேன். ஆனால் மத்தேயு 25இல் ஆடுகளும் வெள்ளாடுகளும் பிரிக்கப்படும் காட்சியை அதோடு பொருத்தும்போது எனக்கே முழுத் திருப்தி வருவதில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. நீங்கள் யோவான் 17:15ஐ எடுத்துக்கொண்டு உட்காருங்கள். நான் மத்தேயு 25ஐ எடுத்துக்கொள்கிறேன். தெசலோனிக்கேயரின் கலக்கத்தைப் பற்றி மட்டும் இப்போதே ஒன்று: 2:2இல் நம் வேதாகமம் ‘சமீபமாயிருக்கிறதாக’ என்கிறது, கிரேக்க வினையோ ‘வந்தேவிட்டது’ என்னும் பொருளுடையது. கர்த்தருடைய நாள் வந்தேவிட்டது, ஆனால் மரித்தவர்கள் எழவில்லை, ஆண்டவரையும் காணவில்லை என்றால், எந்த உபதேசத்தின் கீழிருந்தவரும் கலங்கத்தானே செய்வார்?

அஸ்தம்பட்டி ஆசிரியை

எழுதிய அனைவருக்கும் நன்றி. அண்ணனும் தோட்டக்கார ஐயாவும் ஒருவர் கேள்வியை மற்றவர் வீட்டுக்கு எடுத்துப்போனதை நான் மறக்கமாட்டேன். ‘ஒருவரையொருவர் தேற்றுங்கள்’ என்று 1 தெசலோனிக்கேயர் 4இன் 18ஆம் வசனத்தில் முடிகிற பகுதியைக் கொண்டு, துக்கத்திலிருக்கிற வீட்டாரின் முன்னிலையில் யாருடைய ஆயத்தத்தையும் எடைபோடக் கூடாது என்பதில் மட்டும் எனக்கு இனிச் சந்தேகமில்லை. அண்ணன் தம் சபையிலும் இதைப் பேசுவதாகத் தொலைபேசியில் சொன்னார்.

வருகையின் நாளாக 1844 அக்டோபர் 22ஐக் குறித்தவர்களையும், 1992 அக்டோபர் 28ஐக் குறித்துக் கொரியாவில் வேலையையும் வீட்டையும் விட்டவர்களையும், 2011 மே 21ஐக் குறித்தவர்களையும் பற்றி, ‘அந்த நாளையும் அந்த நாழிகையையும்’ என்ற மத்தேயு 24:36ஓடு சேர்த்துப் பெரிய பிள்ளைகளின் வகுப்பில் சொன்னேன். தேர்வுக்குப் படிக்காமலிருந்த மாணவன் அந்தத் தேதிகளைத் தன் வேதாகமத்தின் பின்னட்டையில் எழுதிக்கொண்டான்.

சிறுமியைத் தனியே உட்காரவைத்து 13 முதல் 18 வரை மெதுவாக வாசித்தேன். எக்காளம் வந்தபோது அவள் என் கையைப் பிடித்தாள். ‘கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள்’ என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

“அப்படியென்றால் தாத்தா நமக்கு முன்னாடியே எழுந்துவிடுவாரா பெரியம்மா?”

“ஆமாம்மா. அப்படித்தான் எழுதியிருக்கிறது.”

“நாம் வருகிற வரைக்கும் அவர் நிற்பாரா?”

எனக்குச் சொந்தமாகச் சொல்ல எதுவும் தோன்றவில்லை. அடுத்த வசனத்தில் விரலை வைத்து, அவளையே வாசிக்கச் சொன்னேன். அவள் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே வந்து, ‘அவர்களோடேகூட’ என்ற சொல்லை இரண்டு முறை வாசித்தாள்.